ரிம்மு பாயின் மாம்பழக் கலர்

சக்கரத்தில் காற்று முழுக்க இறங்கிவிட்டதா என்பதை, ஜீப் ரிம்முக்குப் பெயிண்ட் அடித்தே ரிம்மு பாய் என்று பேர் வாங்கிய கிபாயத்துல்லா கன்னத்தால்தான் பார்ப்பார். வால்வைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாடிக்கு மேலே இருக்கும் கொஞ்சம் கன்னத்தை அந்த ஓட்டைக்கு நேரே வைத்தபடி குந்திவிடுவார். புஸ்ஸென்ற சத்தம் நின்று வெகு நேரமாகியும் முகத்தை எடுக்க மாட்டார். கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு அவசரமாக வந்த கட்சிக்காரர் யாராவது முனகினால், கண்ணைத் திறக்காமலே பதில் வரும்.

"இருங்க மாமா. காத்து போயிடுச்சின்னு நீங்க சொல்றீங்க. இன்னும் போவலைன்னு கன்னம் சொல்லுது. நட்டக் கழட்டுறப்போ பறக்கப்போறது யாரு மொகம், ஒங்களுதா?"

அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. பட்டாளத்து ஏலத்தில் வந்த ஜீப்புகளின் சக்கரம் மற்ற கார்ச் சக்கரம் போல ஒரே துண்டு இல்லை. இரண்டு தாம்பாளங்களை முதுகோடு முதுகு ஒட்டியது போல இரண்டு பாதி. சுற்றிலும் வட்டமாக நட்டுகள். உள்ளே காற்று இருக்கும்போது அந்த நட்டுகளில் கை வைத்தால், ஒரு பாதி பறந்து ஆளின் தாடையைப் பார்க்க வரும். அதனால் மற்ற பெயிண்டர்கள் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. டயரோடு நிறுத்திவைத்து நாலு இழுப்பு இழுத்து அனுப்பிவிடுவார்கள். கிபாயத்துல்லாவுக்கு அதைக் கேட்டாலே உடம்பெல்லாம் எரியும்.

"உடுத்துன துணியோட குளிக்கிறதும் கழட்டாம பெயிண்டு அடிக்கிறதும் ஒண்ணுதான்" என்பார். வெளியே தெரிகிற பாதிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'மொகம்'. வண்டிக்கு அடியில் மறைந்து கிடக்கும் பாதி 'முதுகு'. முதுகுக்கும் அதே உப்புத்தாள், அதே எனாமல், அதே அக்கறை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு! "குளிக்கிறப்போ நீங்க முதுகு தேய்க்க மாட்டீங்களா?" என்று கேட்டு, கேட்டவர் பதில் சொல்லும்வரை பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். அவருடைய உவமானமெல்லாம் குளியலறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதைவிட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை.

பட்டாளத்துப் பச்சையைத் தொலைத்துத் தலைமுழுகத்தான் எல்லா ஜீப்பும் அவரிடம் வருகின்றன. என்ன கலர் வேண்டும் என்று அவர் கேட்பார். நீங்கள் பெயரைச் சொன்னால் காதில் வாங்க மாட்டார். நீலம் என்பீர்கள். "எது மாதிரி நீலம்?" என்பார். வானம் மாதிரி என்றால், "எத்தினி மணி வானம்?" என்பார். அவருக்குப் பெயர் வேண்டாம், பொருள் வேண்டும். "வாய் பொய் சொல்லும், சாமான் சொல்லாது. சாமானக் கொண்டாங்க" என்பதுதான் அவருடைய சட்டம். அப்படித்தான் ஒரு குமாஸ்தா இங்க் பாட்டிலைக் கொண்டுவந்தார். ஒரு கம்பவுண்டர் இருமல் மருந்தைக் கொண்டுவந்தார். செம்மங்குப்பத்துப் பக்கம் ஒரு விவசாயி, கருப்புதான் வேண்டும் என்று தன் எருமையையே ஓட்டிக்கொண்டு வந்து கடை முன்னால் நிறுத்திவிட்டார். கிபாயத்துல்லா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாமா, இது கருப்பு இல்ல. எரும" என்று தீர்ப்புச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, சக்கரம் அச்சு அசலாக எருமைக் கலரிலேயே வந்தது. அறுபத்திரண்டு தேர்தலில் இரண்டு கட்சி ஜீப்புகளும் இவரிடம்தான் வந்தன. இரண்டு கட்சிக் கொடியையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டு வேலை பார்த்த மனிதர் தென்னாற்காடு ஜில்லாவிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இப்படிப்பட்டவரிடம் போய் மாம்பழக் கலர் என்று சொல்லலாமா? சிதம்பரத்து அமிர்தம்மாள் சொல்லிவிட்டாள்.

சிதம்பரத்தில் நெல்மண்டி வைத்திருக்கும் தில்லைநாதனின் சம்சாரம் அவள். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நெல்லிக்குப்பத்துக் கரும்புக் குடும்பம். மாப்பிள்ளை அழைப்புக்குச் சொந்த ஜீப்பே இருக்கிறது. ஆனால் சக்கரம் பட்டாளத்துப் பச்சை. "பொண்ணோட கூறைப் புடவை மாம்பழக் கலரு. ஜீப்புச் சக்கரமும் அதே கலர்லதான் வரும், பாருங்க" என்று சம்பந்தி வீட்டுப் பெண்களிடம் அமிர்தம்மாள் பெருமையடித்தும் விட்டாள். வாய் விட்ட பிறகு பின்வாங்க முடியுமா? ஜீப் டிரைவர் அந்தோணிசாமியைக் கடலூருக்குத் துரத்தினாள்.

"மாம்பழக் கலராம் பாய்."

"யாரு வூட்டு மாம்பழம்?" என்றார் கிபாயத்துல்லா. "மல்கோவா ஒரு கலரு. பங்கனப்பள்ளி ஒரு கலரு. நாட்டுப் பழத்துக்குக் கலரே கெடையாது. புடவையக் கொண்டா."

கூறைப் புடவையைப் பெயிண்ட் கடைக்கு அனுப்புவதா! அமிர்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு கூடைப் பழத்தைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் புடவை மேல் வைத்துப் பார்த்து, துளி வித்தியாசம் இல்லாத ஒரே ஒரு பங்கனப்பள்ளியைப் பொறுக்கி, பஞ்சில் சுற்றி அனுப்பினாள். கிபாயத்துல்லா மகிழ்ந்துபோனார். இத்தனை வருஷத்தில் தன் சட்டத்தை இவ்வளவு மரியாதையாக நடத்திய கிராக்கி அவருக்கு வாய்த்ததில்லை.

இங்கேதான் கூத்து ஆரம்பித்தது. கல்யாண வீட்டில் ஜீப்பை நிறுத்திவைக்க முடியாது. பந்தல்காரன், சமையல்காரன், வாழைத்தார் என்று நாளெல்லாம் ஓட்டம். ஆகவே நாளைக்கு ஒரு சக்கரமாகக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டிக்கொண்டு, கழற்றியதைப் பஸ் கூரையில் ஏற்றிக் கடலூருக்கு அனுப்பினான் அந்தோணிசாமி. அடித்த சக்கரம் மறுநாள் பஸ்ஸில் திரும்பும், அடுத்தது வரும். கிபாயத்துல்லா ஒவ்வொரு நாளும் கன்னத்தை வைத்தார், நட்டைக் கழற்றினார், பிரித்தார், தேய்த்தார், பழத்தை எதிரே வைத்துப் புதிதாகப் பெயிண்ட் கலந்தார். நேற்றுக் கலந்ததை இன்றைக்குத் தொடுவது அவருக்கு ஆகாது. அதை அடுத்தவர் குளித்த தண்ணீர் என்பார்.

மாம்பழமோ அதன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது சக்கரத்தின்போது அவர் மனைவி ஜெய்னப் சோறு கொண்டுவந்தாள். பழத்தைப் பார்த்தாள். "என்னாங்க, வந்தப்போ இது இவ்ளோ செவப்பா இல்லியே?"

"நீ கலரையா பாக்குற? பழத்தப் பாக்குற. ஒனக்கு நாக்கு ஊறுது. போ."

நாலாவது நாள் பழத்தில் அங்கங்கே கரும்புள்ளிகூட விழுந்துவிட்டது. சக்கரத்திலும் புள்ளி வைக்கத்தான் வேண்டுமா என்று கிபாயத்துல்லா வெகு நேரம் யோசித்தார். அது பழத்தின் சொந்தக் கோளாறு, கலரின் கோளாறு இல்லை என்று முடிவுகட்டி விட்டுவிட்டார். நல்லவேளை!

சிதம்பரத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மாட்டிய சக்கரம் அன்றைக்கே புழுதியும் சாணியுமாகிவிடும். மாப்பிள்ளை அழைப்பன்று மத்தியானம், மண்டபத்துக்குப் பின்னால் ஜீப்பைக் கழுவிய பிறகுதான் நாலு சக்கரமும் ஒன்றையொன்று பார்த்தன. ஒன்று இளம் எலுமிச்சை. ஒன்று நல்ல மஞ்சள். ஒன்று ஆரஞ்சாகக் கனிந்த கிச்சிலிப் பழம். ஒன்று அதற்கும் மேலே போய், ஊறுகாய்க்குப் பக்கத்தில் நின்றது.

விருந்துக்கு அழைப்பு வாங்கி, சலவைச் சட்டையும் தொப்பியுமாகச் சிரித்துக்கொண்டே வந்த கிபாயத்துல்லா, ஜீப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் பாய்!" அமிர்தம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் கேட்டது மாம்பழக் கலரு. நீங்க மாம்பழத்தோட சரித்திரத்தையே அடிச்சிருக்கீங்களே! சம்மந்தி வூட்டுல வாய விட்டுட்டேன். இப்ப என் மொகத்த எங்க கொண்டுபோயி வெச்சிக்குவேன்?"

பழம் பழுக்கும் என்பது கிபாயத்துல்லாவுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. என் கண் தப்பாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர். கண் தப்பவும் இல்லை, அதுதான் கொடுமை. திரும்ப அடிக்கலாம் என்றால் எனாமல் காய ஒரு ராத்திரி வேண்டும். ஊர்வலமோ வெயில் தாழ்ந்ததும் கிளம்பவேண்டும். ஜீப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே குந்திவிட்டார். குந்தியவர் அப்படியே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மா, இங்க வந்து என் பக்கத்துல நில்லுங்க. எத்தினி சக்கரம் தெரியுது?"

"ரெண்டு."

"அந்தப் பக்கம் போங்க. இப்ப?"

"ரெண்டுதான்."

"முடிஞ்சிச்சி. அந்தோணி, ஜாக்கியப் போடு!"

எலுமிச்சையும் மஞ்சளும் இடது பக்கம். கிச்சிலியும் ஊறுகாயும் வலது பக்கம். பக்கத்துக்குப் பக்கம் பார்த்தால் ஜோடி ஒட்டித்தான் போயிற்று. ஊர்வலம் தேர்வீதி நாலையும் வலம் வரும். நடுவில் வண்டி வந்த வழியே திரும்பவேண்டிய பேச்சே இல்லை. வலது பக்கம் கோயிலைப் பார்த்தபடியே போகும், இடது பக்கம் எதிர்ச்சாரி வீடுகளைப் பார்த்தபடியே போகும். பெண் வீட்டாரை இடது பக்கமும் மாப்பிள்ளை வீட்டாரை வலது பக்கமும் நடத்திக் கூட்டிவருவது அமிர்தம்மாள் பொறுப்பு. யாரும் பக்கம் மாறாமல் காவல் காப்பது கிபாயத்துல்லா பொறுப்பு.

காத்தாரே, அது ஒரு காட்சி! ஜீப்புக்கு முன்னால் துண்டை வீசிக்கொண்டு, பட்டுப்புடவை யாராவது குறுக்கே வந்தால், "அம்மா, அந்தப் பக்கம் புதுப் பெயிண்டு, புடவையில ஒட்டிக்கும்!" என்று அலறிக்கொண்டே போனார். பட்டுப்புடவைகள் பதறிப் பின்வாங்கின. தெற்கு வீதியும் மேல வீதியும் வடக்கு வீதியும் சேதாரமில்லாமல் கடந்தன.

கீழ வீதி முனையில் நாதஸ்வரக்காரர் நின்று ஒரு ராகத்தைப் பிடித்துக்கொண்டார். ஜீப்பும் நின்றது. சம்பந்திகள் இருவரும் ஜீப்பின் மூக்குக்கு முன்னால் வந்து கோலி சோடா குடித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பொன்னுரங்கம் மனசு குளிர்ந்திருந்தார்.

"சம்மந்தி, சக்கரத்துக்கு அடிச்சிருக்கீங்களே கிச்சிலிப் பழக் கலரு, அருமை!"

தில்லைநாதன் சிரித்தார். "கிச்சிலியா? எலுமிச்சங்க. நல்லாப் பாருங்க."

"கூடவே நடந்து வரேன், எனக்குத் தெரியாதா? கிச்சிலி."

"கண்ணாடிய மாத்தணும்போல இருக்கே!"

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் சம்பந்தி வேடிக்கை எப்போது வினையாகும் என்று யாரால் சொல்ல முடியும்? பொன்னுரங்கம் சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். "அப்போ எங்க பரம்பரைக்கே கண்ணு தெரியாதுன்றீங்க."

"நான் எங்கங்க அப்படிச் சொன்னேன்?"

"நாலு பேரு எதுக்க சொல்லிட்டு இல்லைன்றீங்களா? மஞ்சளுக்கும் கிச்சிலிக்கும் வித்தியாசம் தெரியாதவன் வூட்ல எதுக்குப் பொண்ணக் குடுக்கறீங்க? டேய் தம்பி, எறங்குடா வண்டிய விட்டு!"

மாப்பிள்ளை மாலையோடு ஒரு காலை வெளியே வைத்துவிட்டான். நாதஸ்வரம் பாதி மூச்சில் நின்றது. பெண்கள் கூட்டத்துக்குள்ளே அமிர்தம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அடிச்சவரே இங்கதான இருக்காரு" என்றார் தில்லைநாதன். "பாய், நீங்களே சொல்லுங்க. எலுமிச்சையா, கிச்சிலியா?"

எலுமிச்சை என்றால் மாப்பிள்ளை இறங்கிப் போவான். கிச்சிலி என்றால் பெண்ணைப் பெற்றவருக்குத் தலைகுனிவு. இரண்டும்தான் என்றால் அமிர்தம்மாள் மானமும் கிபாயத்துல்லாவின் கண்ணும் சேர்ந்தே போகும். அவர் பொன்னுரங்கத்தின் கையைப் பிடித்து, ஜீப்பின் இடது பக்கம் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். திரும்பி வந்து தில்லைநாதனின் கையைப் பிடித்து, வலது பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். தான் மட்டும் நடுவில், ஜீப்பின் மூக்குக்கு நேரே வந்து நின்றுகொண்டார்.

இடது பக்கத்திலிருந்து ஒரு தொண்டை கனைத்தது.

"சம்மந்தி, நீங்க சொன்னதுதான் சரி. எலுமிச்சைதான்."

அதே நேரம் வலது பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. "நான்தாங்க தப்பாச் சொல்லிட்டேன். கிச்சிலியேதான்."

"இல்லீங்க, எலுமிச்சை. வெயிலு கண்ணக் கூசிடுச்சி."

"ஒங்களுக்கு எங்கங்க கூசிச்சி? எனக்குல்ல கூசிச்சி! சாட்சாத் கிச்சிலி!"

புரிந்து பேசினார்களா, புரியாமல் பேசினார்களா, அது அவர்கள் இருவருக்கும்தான் வெளிச்சம். மாப்பிள்ளை காலை உள்ளே இழுத்துக்கொண்டான். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்பதற்காகச் சம்பந்திகள் இருவரும் முன்பக்கம் நோக்கி ஆளுக்கொரு அடி எடுத்து வைத்தார்கள். கிபாயத்துல்லா சட்டென்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, அவர்கள் சேர்வதற்குள் ஊர்வலம் நகரட்டும் என்று, தவில்காரரைப் பார்த்து அடி அடி என்று ஆட்டினார்.