மைக்கில் "வீட்டுக்கு வா" என்று சொன்ன வெர்லீன்

வெர்லீன் ஹாச்சட்டுக்கு நல்ல குரல் என்று ரொம்ப நாள் யாரும் சொன்னதில்லை. நல்ல சத்தம் என்றுதான் சொன்னார்கள். லூயிவில் நகரப் பேருந்துகளின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் ஓட்டுநர்களை விரட்டுவது அவள் வேலை. "பதினெட்டாம் நம்பர், எங்கய்யா நிக்கிறே? பிராட்வேயில ஜனம் மழையில நனையுது. காபிய வச்சுட்டு வண்டிய எடு." அவள் பேசினால் ஓட்டுநர்கள் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைப்பார்கள். குறைத்தாலும் கேட்கும்.

ஊருக்கு ரிவர்மென் என்று ஒரு கூடைப்பந்து அணி வந்தபோது, அரங்கத்தில் ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லி அறிவிக்க ஆள் தேடினார்கள். யார் வேண்டுமானாலும் வந்து பேசிக் காட்டலாம் என்றார்கள். ஓட்டுநர்கள் கூடிப் பேசி, அவளுக்குத் தெரியாமல் அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். "நம்மள மட்டும் திட்டுறாளே, ஊரையே திட்டட்டும்" என்பது அவர்கள் நியாயம். விளையாட்டாகப் போனவள் ஒரே ஒரு பெயரை மைக்கில் சொன்னாள். மேல் மாடியில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவன் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினான். அன்றிலிருந்து அந்த மைக் அவளுடையது.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நம் அணி ஆளின் பெயரை இழுத்து, சுழற்றி, கூரையைத் தொடவிட்டு இறக்க வேண்டும். எதிரணி ஆளின் பெயரைப் பேருந்து நிறுத்தத்தின் பெயர்போலச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரண்டிலும் வெர்லீன் கெட்டிக்காரி. பேருந்து நிறுத்தங்களைச் சொல்லிச் சொல்லியே பழகியவள் அல்லவா?

தெரோன் பெட்வே விஷயத்தில் மட்டும்தான் அந்த வழக்கம் அவளுக்குப் பிடிக்காது. தெரோன் முப்பத்து நாலாவது தெருப் பையன். அவன் அம்மா ஒடெஸா, தேவாலயப் பாடகர் குழுவில் வெர்லீனுக்குப் பக்கத்து நாற்காலி. சின்ன வயதில் அவன் பந்து தட்டி உடைத்த ஜன்னல்களில் ஒன்று வெர்லீன் வீட்டுடையது. பத்தொன்பது வயதில் சியாட்டில் அணி அவனை எடுத்துக்கொண்டு போனது. இன்று நாடே அறிந்த ஆட்டக்காரன். வருடத்தில் இரண்டு தடவை எதிரணிச் சட்டையில் ஊருக்கு வருவான். வெர்லீன் அவன் பெயரைப் பேருந்து நிறுத்தம்போலச் சொல்வாள். மறுநாள் ஒடெஸா, "என் பிள்ளை பேர என்னடி, கழுவாத பாத்திரத்தைத் தொடுற மாதிரி சொல்றே?" என்பாள்.

அந்த வருடம் ஜூனில் தெரோனின் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குப் பிறகு எந்த அணியோடும் அவன் பேசலாம், பிடித்த இடத்தில் சேரலாம். முடிதிருத்தும் கடை, மீன் வறுவல் கடை, தேவாலய வாசல், எங்கே போனாலும் ஊரில் இதே பேச்சுதான். பையன் வீட்டுக்கு வருவானா?

ரிவர்மென் அணியின் மேலாளர் விட்கோம்ப் லாசட்டர் இந்தப் பேச்சு காதில் விழுந்தாலே நழுவிவிடுவார். பயந்த சுபாவம். ஒடெஸா காய்கறி வாங்கும் கடைக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். பிப்ரவரியில் ஒரு நாள், சோளப்பொரி விற்பவர்கள் வரை எல்லாரையும் அரங்கத்தில் உட்காரவைத்து எச்சரித்தார்.

"இன்னொரு அணியோட ஒப்பந்தத்துல இருக்கிறவனை நம்ம ஆளு யாரும் இழுக்கக் கூடாது. இங்க வாடான்னு சொல்லக் கூடாது, ஜாடையா சொல்லக் கூடாது, நல்லா இருக்கும்லன்னு இழுக்கக் கூடாது. ஜூன் முப்பது, சாயங்காலம் ஆறு மணி. அதுவரைக்கும் தெரோன் பெட்வேன்னு ஒருத்தன் இருக்கிறதே நமக்குத் தெரியாது."

கெளுத்தி மீன் வேடம் போட்டு ரசிகர்களைச் சிரிக்கவைக்கும் எர்ல் டாக்கரி கையைத் தூக்கினான். "சார், நான் மீனு. நான் பேசவே மாட்டேனே."

"கண்ணடிக்கவும் கூடாது."

"என் கண்ணு பிளாஸ்டிக் சார்."

"அதை வச்சும்தான்" என்றார் லாசட்டர். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வெர்லீனும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். போனவள் பாத்திரம் கழுவும்போது தெரோன் பெயரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. மறுநாளும் சொல்லிப் பார்த்தாள். அதன் பின்னால் இரண்டு வாக்கியம் ஒட்டிக்கொண்டது. அவற்றையும் சொல்லிப் பார்த்தாள்.

மார்ச் மாதம் சியாட்டில் அணி வந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. எதிரணியின் நான்கு பெயர்களை வெர்லீன் வழக்கப்படி சப்பென்று சொன்னாள். ஐந்தாவது பெயருக்கு வந்ததும் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"முப்பத்து நாலாவது தெரு பெத்த பிள்ளை... ஒடெஸாவோட ஒரே மகன்... தெரோன் பெட்வே!" பெயர் கூரையைத் தொட்டு இறங்குவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டாள். "உன் ரூம் அப்படியே இருக்கு, கண்ணு. வீட்டுக்கு வா."

அப்புறம் அரங்கமே "வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா" என்று காலால் தரையை உதைக்க ஆரம்பித்தது. தெரோன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது, சிரிக்கிறான் என்று தெரிந்தது. முதல் வரிசையில் லாசட்டர் தின்றுகொண்டிருந்த சிப்ஸின் சீஸ் மடியில் கொட்டியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். எர்ல் மீன் தலையைக் கழற்றிவிட்டு மைக் மேசையைப் பார்த்தான். அவன் முகத்தில், நானாவது கண்ணடிப்பதோடு நிறுத்தியிருப்பேன் என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலை சியாட்டில்காரர்கள், எல்லா அணிகளுக்கும் மேலே இருக்கும் லீகில் புகார் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் லீக் விசாரணை அதிகாரியை நியமித்தது. அணியின் வக்கீல் பிரென்னா கல்பெப்பர் வெர்லீனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"மிஸ் வெர்லீன், ரொம்பச் சுலபம். உணர்ச்சிவசப்பட்டுட்டேன், வாய் தவறி வந்துருச்சுன்னு சொல்லிடுங்க. திட்டம் போட்டுச் செஞ்சாதான் தண்டனை பெருசு."

"சரி."

"வேற ஒண்ணும் பேச வேணாம்."

"சரின்னேனே."

விசாரணைக்கு வந்தவர் ஸ்டான்ஃபில். நியூயார்க்கிலிருந்து வந்த ஒல்லியான மனிதர். கேள்விகளைத் தாழ்ந்த குரலில் கேட்டார். "அவன் ரூம் அப்படியே இருக்குன்னு சொன்னீங்களே. அது அணியில அவனுக்கு ஒதுக்கி வச்சிருக்கிற இடத்தைக் குறிக்குதா?"

"இல்லைங்க. ரூம்னா ரூம்தான். அவங்கம்மா அங்க தையல் மெஷின் போடணும்னு அஞ்சு வருஷமா சொல்றா. மனசு வரல."

ஸ்டான்ஃபில் தலையாட்டினார். "அந்த நேரத்துல தானா வாயில வந்ததா?"

பிரென்னா பக்கத்திலிருந்து வெர்லீனைப் பார்த்தாள். வெர்லீன் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள். மரியாதையாகக் கேட்கிறார். இப்படி ஒருவரிடம் பொய் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒடெஸா பக்கத்தில் நின்று பாட முடியுமா என்று தோன்றியது.

"இல்லைங்க. சமையல்கட்டுல சொல்லிப் பாத்தேன். நல்லா வந்துச்சு. அதான் சொன்னேன்."

பிரென்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாராவது சொல்லச் சொன்னாங்களா? மிஸ்டர் லாசட்டர்?"

"அவரா? அந்த மனுசன் தெரோன் பேரைச் சொன்னாலே மேசைக்கடியில போய் ஒளிஞ்சுக்குவாரு. எங்களையெல்லாம் கூப்பிட்டு வச்சு, மூச்சு விடக் கூடாதுன்னாரு. கேட்காதது நான்தான். எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார். தீர்ப்பு ஏப்ரலில் வந்தது. அணிக்கு அபராதம். புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் ரிவர்மென்னுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு வாய்ப்பு பறிபோனது. வெர்லீன் நவம்பர் முடியும்வரை மைக் பக்கம் போகக் கூடாது. தெரோன் எங்கே சேரப்போகிறான் என்பதைப் பற்றி அவனிடமோ அவன் குடும்பத்திடமோ ஜூன் முப்பது ஆறு மணி அடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. மேலாளர் மறைந்திருந்து தூண்டவில்லை என்று விசாரணையில் தெரிந்ததால் இத்தோடு போயிற்று, இல்லையென்றால் தண்டனை இரட்டிப்பாகியிருக்கும் என்று பிரென்னாவே பிறகு ஒப்புக்கொண்டாள்.

வெர்லீன் நேராக லாசட்டர் அறைக்குப் போனாள். "என்னால உங்களுக்குக் கெட்ட பேரு. நான் வேலைய விட்டுர்றேன்."

"உங்களை அனுப்பிச்சா இந்த ஊரு என்னை ஆத்துல போட்டுரும்" என்றார் அவர். பிறகு, "நல்லாத்தான் சொன்னீங்க. அதுதான் பிரச்சினை" என்றார்.

மைக் இல்லாமல் இருப்பதைவிட ஒடெஸா பக்கத்தில் உட்காருவதுதான் கஷ்டமாக இருந்தது. பேசக் கூடாது என்று சொன்ன பிறகுதான், இத்தனை வருடமாக இருவரும் பேசியதில் பாதி தெரோனைப் பற்றியது என்று தெரிந்தது. ஒடெஸாவுக்கோ வாய் நிற்காது.

"நேத்து ராத்திரி அவன் போன் பண்ணான்டி..."

வெர்லீன் உடனே பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவாள்.

"என்னடி இது, நான் பேசுறப்போ பாடுறே?"

"நீ பேசுறது என் காதுல விழக் கூடாது. லீக் உத்தரவு."

"எனக்கு யாரும் உத்தரவு போடலையே."

"எனக்குப் போட்டிருக்காங்கடி. உனக்கும் சேத்து நான்தான் வாய மூடிக்கணும்."

பாதிரியார் கடைசியில் பாடகர் குழுவில் இருவருக்கும் நடுவே தடிமனான ஒரு மனிதரை நிறுத்தினார். தேவாலயத்தின் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் ஒருத்தி மீன் வறுக்க, மற்றவள் முட்டைக்கோஸ் சாலட் பிசைந்தாள். டெர்பி குதிரைப் பந்தயத்தைப் பற்றி, முட்டி வலியைப் பற்றி, பாதிரியார் மனைவியின் தொப்பியைப் பற்றி எல்லாம் பேசினார்கள். அப்படிப் பேசும்போதே ஒடெஸா திடீரென்று சிரிப்பாள். ஏன் சிரிக்கிறாள் என்று கேட்க முடியாமல் வெர்லீன் ரொட்டியைக் கடிப்பாள்.

ஜூன் முப்பது வந்தது. ஆறு மணி அடித்ததும் லாசட்டர் தெரோனின் ஏஜென்ட்டைக் கூப்பிட்டார். ஊர் முழுக்க வானொலியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. செய்தி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தெரோன் மயாமி போய் ஓர் அணியைப் பார்த்தான். டல்லஸ் போனான். சியாட்டில்காரர்களுடன் இரண்டு தடவை சாப்பிட்டான். மற்ற பெரிய ஆட்டக்காரர்களெல்லாம் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள்.

வானொலியில் ஒருவன், "அந்த மைக் அம்மா வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இந்நேரம் பையன் வந்திருப்பான்" என்றான். பேருந்துக் கட்டுப்பாட்டு அறையில் அதைக் கேட்ட வெர்லீன் வானொலியை அணைத்தாள். அன்று ஓட்டுநர் யாரையும் திட்டவில்லை. பதினெட்டாம் நம்பர்க்காரன் பயந்துபோய், "மேடம், உடம்பு சரியில்லையா? ஏதாவது சொல்லுங்க" என்றான்.

தான் கெடுத்துவிட்டோம் என்றே அவள் நம்பினாள். சாயங்காலம் ஒடெஸா வீட்டுப் படியேறினாள். இப்போது பேசத் தடையில்லை.

ஒடெஸா அவள் முகத்தைப் பார்த்தாள். "இப்ப எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?"

"நான் சொன்னதாலதானே அவன் தயங்குறான்?"

"ஆமா" என்றாள் ஒடெஸா. "ஆறு மணிக்கே ஓடி வந்தா, முன்னாடியே பேசி வச்சிருந்தாங்கன்னு உங்க ஆளுங்களை மறுபடியும் பிடிப்பாங்கல்ல? அதான் நாலு ஊரு சுத்திட்டு வரேன்னு சொன்னான். நான் இதைச் சொல்ல மாசக்கணக்கா வாயத் திறக்கிறேன். நீ பாட்டுப் பாடுறே."

வெர்லீன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ வர்றானா?"

"ஞாயிற்றுக்கிழமைதோறும் போன்ல நான் ஏழு வருஷமா கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்டி. விதியெல்லாம் உங்க அணிக்குத்தான். அம்மாவுக்கு ஏது விதி?"

ஜூலை இரண்டாவது வாரம் தெரோன் பெட்வே லூயிவில் அணியில் கையெழுத்துப் போட்டான். பத்திரிகைக்காரர்கள் முதலில் கேட்டதே அதுதான்: அன்று மைக்கில் கூப்பிட்டதால்தான் வந்தானா?

"அதனால வராமப் போயிருப்பேன்" என்றான் தெரோன். "எல்லாரும் இதையே கேட்பாங்கன்னு தெரியும். எங்கம்மா கூப்பிட்டாங்க, வந்தேன். இன்னொண்ணு, மிஸ் வெர்லீன் வீட்டு ஜன்னல் கண்ணாடி நான் இன்னும் மாத்திக் கொடுக்கல." கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் லாசட்டர் இந்தத் தடவை சிரித்தார்.

அக்டோபரில் முதல் ஆட்டம். வெர்லீனின் தடை முடியவில்லை. அவள் இடத்தில் வேறொருவன் மைக்கில் உட்கார்ந்தான். எத்தனையோ வருடமாக அந்த அரங்கத்துக்கு வந்தவள், அன்றுதான் முதல் தடவையாக டிக்கெட் காட்டி உள்ளே போனாள். ஒடெஸா பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டியில் பெயர்ப் பட்டியல் இல்லை, காதில் ஹெட்போன் இல்லை. கையில் மீன் சாண்ட்விச்சும் குளிர்ந்த தேநீரும் இருந்தன. ஆட்டத்தை ஆட்டமாகப் பார்ப்பது இப்படித்தானா என்று அவளுக்கு ஆச்சரியம். மைக்கில் இருந்தவன் பெயர்களைப் பரவாயில்லாமல் சொன்னான். தெரோன் பெயர் வந்தபோது இரண்டு பெண்களும் எழுந்து நின்றார்கள்.

தெரோன் முதல் பாதியில் எறிந்தது எதுவும் வளையத்தில் விழவில்லை. ஒடெஸா இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள். வெர்லீன் அவளைவிடச் சத்தமாகக் கத்தினாள். முன்வரிசைக்காரர் திரும்பி, "அம்மா, கொஞ்சம் மெதுவா. பக்கத்துலதான் இருக்கேன்" என்றார்.

"நீங்க வேற சீட்டு பாருங்க" என்றாள் வெர்லீன். அதற்குள் தெரோன் இரண்டாம் பாதியின் முதல் பந்தை எறிந்தான். அது விழுந்தது. இருவரும் கத்திய கத்தலில் மறுநாள் தேவாலயத்தில் ஒருத்திக்கும் குரல் எழும்பவில்லை. பாட்டு முழுவதையும் நடுவில் நின்ற அந்தத் தடிமனான மனிதரே பாடி முடித்தார்.