வெளியூரிலிருந்து வந்த இருமல்

ஆளை நிற்கவைத்து இருமச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர்தான். நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் இருமல் அக்கா. படித்தது நர்ஸ் படிப்பு, பார்ப்பது ஆராய்ச்சி வேலை. குடலில் கட்டியை எடுத்த பிறகு வயிற்றைப் பொடித் தையலாக நெருக்கிப் போட்டால் நல்லதா, பெரிய தையலாக எட்டிப் போட்டால் நல்லதா என்பதுதான் ஆராய்ச்சி. ஒரு வருடம் கழித்து வருகிறவர்களின் தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்து, "இருமுங்க" என்பார். உள்ளே தையல் பிடி விட்டிருந்தால் குடல் வந்து கையை முட்டும். யாருக்கு எந்தத் தையல் என்பது மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கை கட்சி சேர்ந்துவிடுமாம். வீட்டில் கணவர் இருமினாலும் அக்காவின் கை தானாக அவர் வயிற்றுக்குப் போய்விடும். விருந்தாளிகள் இருக்கும்போது அந்த மனிதர் இருமுவதையே விட்டுவிட்டார்.

எல்லோரும் வந்து இருமிவிட்டுப் போனார்கள், பீரோ தூக்குகிற அண்ணன் ஒருவரைத் தவிர.

"வராதவங்க நல்லாத்தான் இருப்பாங்க," என்றார் சர்ஜன். பொடித் தையல் அவருடைய செல்லப்பிள்ளை.

"நல்லா இருக்கறவங்க வந்து பெருமையடிச்சுட்டுப் போயிடுவாங்க டாக்டர். வராதவங்க வயித்துலதான் சமாசாரமே இருக்கும். அவங்களை விட்டுட்டா நம்ம ஆராய்ச்சி புளுகாயிடும்."

அக்கா போன் போட்டார். அண்ணனின் மனைவி எடுத்தார்.

"அவர் வெளியூர் போயிருக்காரும்மா."

பின்னால் ஓர் இருமல் கேட்டது. பீரோவை மாடிப்படியில் இறக்குவதுபோல நின்று நின்று இறங்குகிற இருமல், போன வருடம் வார்டில் கேட்ட அதே இருமல். அக்கா முகத்தை மறந்தாலும் மறப்பார், இருமலை மறக்கமாட்டார்.

"அந்த வெளியூர் உங்க சமையல்கட்டுலதானே இருக்கு? அங்கேயே இருக்கச் சொல்லுங்க, நான் வர்றேன்."

போனபோது அண்ணன் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"புடைச்சிருக்கா அண்ணே?"

அண்ணன் தலைகுனிந்தார். "டாக்டர் என் உயிரைக் காப்பாத்துனவரும்மா. என்னால அவருக்கு மார்க் குறையணுமா? அதான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

"நான் அப்பவே தலையில அடிச்சுக்கிட்டேன்," என்றார் மனைவி.

"மார்க் டாக்டருக்கு இல்லண்ணே, தையலுக்கு. அடுத்து வர்றவன் வயித்தை எப்படித் தைக்கிறதுன்னு உங்க வயித்தைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும். அது இங்க தலையணைக்குள்ள ஒளிஞ்சிருந்தா எப்படி?"

அண்ணன் தலையணையை மெல்லக் கீழே வைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சட்டையைத் தூக்கியபடி அவர் ஆரம்பித்தார்: "வார்டுல பேசிக்கிட்டாங்க, எனக்குப் போட்ட தையல் வந்து..."

"அண்ணே, வாயைத் திறந்தா இருமறதுக்கு மட்டும்தான் திறக்கணும்."

இருமினார். உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று வந்து முட்டியது. தான் சொன்னது சரியாயிற்றே என்று அக்காவுக்கு ஒரு நொடி சந்தோஷம். அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கம். குறித்துக்கொண்டு சர்ஜனைக் கூப்பிட்டார்.

சர்ஜன் தொட்டுப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. பீரோ அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. சர்ஜனின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"விடுங்க டாக்டர். எங்க தொழில்லயும் ஒண்ணு ரெண்டு பீரோ இடிபடத்தான் செய்யும். திரும்பத் தைச்சுடலாம், நான் எங்கயும் ஓடமாட்டேன்."

சர்ஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தைச்சுடலாங்க. ஆனா உங்களுக்கு நான் போட்டது..."

அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"டாக்டர், உங்களுக்கும் அதேதான். வாயைத் திறந்தா இருமறதுக்கு மட்டும்."

சர்ஜன் இருமினார். அக்காவின் கை தன்னையறியாமல் பாதி தூரம் போய்த் திரும்பியது.