அக்காவின் பன்றிகள் எழுந்திருக்க மறுத்த நாள்

என் அக்கா பண்ணைக்குள் நுழையும்போதும் குளிப்பாள், வெளியே வரும்போதும் குளிப்பாள். உள்ளே போகக் குளிப்பது பன்றிகளுக்கு நம் நோய் ஒட்டாமல் இருக்க. வெளியே வரக் குளிப்பது எங்களுக்காக. பன்றிகளுக்கான குளியலில் அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை. எங்களுக்கான குளியலில்தான் அவசரம். காதுக்குப் பின்னால் கொஞ்சம் வாசனை மிச்சமிருக்கும். சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அவள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. எந்தப் பன்றியிடமிருந்து எந்தக் குட்டிக்கு என்ன குணம் இறங்குகிறது, எதை எதோடு சேர்த்தால் நல்ல குட்டி பிறக்கும் என்பது அவள் ஆராய்ச்சி. நான் தையல்காரி. எங்கள் அம்மா என்னைப் பற்றி வாய் கிழியப் பேசுவாள். அக்காவைப் பற்றிக் கேட்டால் மட்டும் "மூத்தவ டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். வயிற்றுவலி என்று யாராவது தேடி வந்தால், "அவ படிச்சது வேற படிப்பும்மா" என்று வாசலோடு அனுப்பிவிடுவாள். 'பன்னி' என்ற சொல் அம்மா வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

அக்காவைப் பிடித்து ஆட்டியது ஒரே ஒரு கேள்வி. தாய்ப் பன்றி மூன்று நான்கு அரிசி மூட்டைக் கனம். பிறந்த குட்டியோ இரண்டு கைக்குள் அடங்கிவிடும். தாய் தொப்பென்று படுத்தால் அடியில் சிக்கிய குட்டியின் கதை முடிந்தது. அதனால் பல பண்ணைகளில் தாயைத் திரும்பக்கூட முடியாத இரும்புக் கூண்டில் அடைத்துவிடுகிறார்கள். படிக்கிற காலத்தில் அக்கா வேறு மாதிரி ஒரு பன்றியைப் பார்த்தாள். அது குட்டிகளை மூக்கால் தள்ளி ஓரம் கட்டியது, உறுமி எச்சரித்தது, பிறகு முன்னங்காலை மடக்கி மெல்லப் படுத்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அந்த நிதானம் ரத்தத்துல இருக்குடி. அதையே பொறுக்கிப் பொறுக்கி வளத்தா கூண்டே வேணாம்" என்றாள் அன்றைக்கு. அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை.

மற்ற பேராசிரியர்கள் ஒரு ஈற்றுக்குக் கிடைக்கும் குட்டிகளின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனார்கள். பேரும் வாங்கினார்கள், பதவியும் வாங்கினார்கள். இவள் பன்றி எப்படிப் படுக்கிறது என்று பார்த்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். நிதானமான தாயின் மகள்களை வைத்துக்கொள்வாள், அவசரக்குடுக்கைகளைக் கழித்துவிடுவாள். தலைமுறை தலைமுறையாக இதே வேலை.

"தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஒருநாள் ஒத்து ஊதினேன்.

"அது பாதிதாண்டி. மீதிப் பாதி அப்பன்கிட்டேருந்து வருது."

"அப்பன்தான் குட்டியைத் திரும்பிக்கூடப் பாக்காதே! அதுகிட்ட நிதானம் இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"அதோட அம்மாவையும் அக்கா தங்கச்சியையும் பாத்தா தெரிஞ்சிடும்."

"அப்போ என்னைப் பாத்து உன்னை எடை போட்டா?"

"போட்டா என் வேலையே போயிடும்" என்றாள் சட்டென்று. திமிரைப் பாருங்கள்.

தாயின் குணத்தைச் சோதிக்க அவளிடம் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. எப்போதோ ஒரு குட்டி வீறிட்டதைப் பதிவு செய்து வைத்திருந்தாள். படுத்திருக்கும் தாயின் பக்கத்தில் அதைப் போடுவாள். குட்டி நசுங்குகிறதோ என்று பதறி எழுந்தால் நல்ல தாய். ஒவ்வொரு பன்றிக்கும் ஒரே முறைதான் போடுவாள். அதுதான் அவள் வைத்திருந்த விதி.

அந்த விதியைக் கடைசியில் அவளே மீறினாள். புதிதாக வந்த துறைத் தலைவருக்கு அந்தக் கொட்டகை மீது கண். குழு ஒன்று வந்து பார்க்கும், அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் பன்றிகள் மொத்தமும் கறிக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். ஒன்றுகூட மிஞ்சாது. அந்த வம்சத்தை மறுபடி உண்டாக்க அவளுக்கு இன்னொரு ஆயுள் வேண்டும். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சைக்கு முன் பிள்ளையைப் பாடாய்ப் படுத்தும் அம்மாவைப் போல, காலையும் மாலையும் அந்த வீறிடலைப் போட்டு ஒத்திகை பார்த்தாள்.

குழு வந்த அன்று நானும் பண்ணையில் இருந்தேன். குளித்துவிட்டுப் பண்ணை உடுப்பைப் போட்டுக்கொள்ளாமல் யாரும் உள்ளே போக முடியாது. குழுத் தலைவர் ஆள் வாட்டசாட்டம். எந்த உடுப்பும் ஏறவில்லை. நான் இரண்டைப் பிரித்து ஒன்றாக ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன். "இந்த வயசுல எனக்கு ஒரே நாள்ல ரெண்டாவது குளியலா!" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

அக்கா பொத்தானை அழுத்தினாள். குட்டி வீறிட்டது. ஒரு பன்றியும் அசையவில்லை. முன்னால் கிடந்த பெரிய பன்றி ஒரு கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. சத்தத்தைக் கூட்டினாள். ஊஹூம்.

"இத்தனை வருஷம் பாடுபட்டுக் காது கேக்காத பன்னியை உருவாக்கி இருக்கீங்க போல" என்றார் தலைவர். துறைத் தலைவரும் கூட வந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அவர் உடுப்பைத் தையலோடு கிழித்துவிடலாமா என்று வந்தது.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் மழுப்பவில்லை. "தப்பு என்னோடது சார். பயத்துல திரும்பத் திரும்பப் போட்டுட்டேன். இது பொய்ச் சத்தம்னு அதுங்க கத்துக்கிச்சு."

"பாவம்தான்" என்றார் அவர். கிளம்பும்போது ஆறுதலுக்கோ என்னவோ, தாழ்ந்த சுவருக்கு மேல் குனிந்து அந்தப் பெரிய பன்றியின் குட்டி ஒன்றைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினார்.

குட்டி வீறிட்டது. அவ்வளவுதான், கொட்டகையே கிடுகிடுத்தது. அத்தனை பன்றிகளும் துள்ளி எழுந்தன. பெரிய பன்றி உறுமிக்கொண்டு சுவரில் மோதியது. தலைவர் குட்டியும் கையுமாகத் தீவனப் பெட்டி மேல் ஏறிவிட்டார். அந்த உடம்பு எப்படி ஏறியதோ! என் ஒட்டுத் தையல் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது.

"குட்டியை என்கிட்ட குடுங்க சார்!" என்று கத்திக்கொண்டே அக்கா ஓடினாள். வாங்கி, தாயின் முன்னால் இறக்கிவிட்டாள்.

தாய் அதை மோந்து பார்த்தது. பிறகு எங்களை மறந்துவிட்டது. மூக்கால் தள்ளித் தள்ளிக் குட்டிகளை எல்லாம் சுவர் ஓரமாகச் சேர்த்தது. மெல்ல உறுமியது. ஒதுங்காமல் நின்ற ஒன்றை மறுபடி தள்ளிவிட்டது. முன்னங்காலை மடக்கி, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் படுத்தது. ஒரு குட்டிகூட அடியில் இல்லை. பக்கத்து அடைப்புகளிலும் அதே மாதிரி ஒவ்வொன்றாகப் படுத்தன.

தலைவர் பெட்டி மேலேயே நின்று, கிழிசலை ஒரு கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"எல்லாமே இப்படித்தான் படுக்குமா?"

"எல்லாமே சார்."

"கூண்டு?"

"இங்க ஒண்ணுகூட இல்லை சார்."

அவர் துறைத் தலைவரைப் பார்த்தார். "இதுங்களை யார்யா கறிக்கு அனுப்பச் சொன்னது? இருக்கட்டும். என் கையெழுத்து போதும்ல?" பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, ஊசி நூல் இருக்கா?" என்றார். தைத்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை.

அக்கா குளிக்கக்கூடச் செய்யாமல் கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. என் அக்காவை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது, அவள் மேல் அடித்த நாற்றத்தையும் மீறி. அவள் கைப்பேசி அடித்தது. அம்மா. அக்காவால் பேச முடியாததால் நான் எடுத்துக் காதில் வைத்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை போல, குரல் கம்மியிருந்தது.

"ஏண்டி, பன்னியெல்லாம் பொழச்சிதா?"

கைப்பேசியை அக்காவிடம் நீட்டினேன். "உன்கிட்டதான் கேக்குறா. நீயே சொல்லு."