கழுத்தில் ஒரு மூடி

என் வீட்டுக்காரர் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் நாள் முழுக்க ஓடும் வண்டி. கடைசி டிரிப் மட்டும் திண்டிவனம் தாண்டி, வல்லம் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போகும். ராத்திரி அங்கேயே ஹால்ட். டிரைவரும் அவரும் வண்டியிலேயே படுத்துக்கொள்வார்கள். காலையில் பால்காரர்களையும் காய்க்காரிகளையும் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு.

ஓய்வு நாளில் தூங்குவார். காலையில் சாப்பிட்டதும் படுத்துவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விதை மல்லாட்டை உடைப்பேன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். கூலிக்கு வாங்கி வந்து உடைப்பது. அவர் குறட்டை தெருமுனை வரைக்கும் கேட்கும். வேலை அலுப்பு, நல்லாத் தூங்குறார் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். குறட்டை விட்டால் நல்ல தூக்கம். எங்களுக்குத் தெரிந்தது அதுதான்.

ஆனால் குறட்டை நடுவில் நின்றுபோகும். வயிறு மட்டும் ஏறி இறங்கும். மூச்சு வராது. மல்லாட்டை உடைக்கிற என் கையும் நின்றுவிடும். பிறகு கிணற்றில் முழுகியவர் மேலே வந்ததுபோல் ஒரு இழுப்பு இழுப்பார். மறுபடியும் குறட்டை. அவ்வளவு தூங்கியும் எழுந்திருக்கும்போது அடித்துப் போட்ட மாதிரி இருப்பார்.

வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாராம். டிரைவர் வயசில் சின்னவர், கிண்டல்காரர். வீட்டுக்கு வந்தால் சொல்லிச் சிரிப்பார். "அண்ணன் தூக்கத்துலயே டிக்கெட் கிழிப்பாரு அண்ணி. முண்டியம்பாக்கத்துல கண்ண மூடுனா விக்கிரவாண்டியில தொறப்பாரு. ஆனா சில்லறை மட்டும் தப்பாது."

அவருக்கு நாற்பது வயசு ஆகும் முன்னே சர்க்கரை வந்தது. கூடவே பிரஷர். விழுப்புரத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். அரிசிச் சோறு குறைக்க வேண்டும், உடம்பு இளைக்க வேண்டும், பகலில் தூங்கவே கூடாது என்றார். அங்கே இருந்த கம்பவுண்டர் எனக்கு ஒரு புட்டியில் நீல மருந்து கொடுத்து, வீட்டிலேயே சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறம் வந்தால் ரொம்ப மோசம். எனக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. நிறம் பார்க்கப் படிப்பு வேண்டாம். எங்கள் வீட்டில் எப்போதும் செங்கல்தான்.

கெடாரிலிருந்து அவருடைய அக்கா வந்தார்கள். "தூங்கித் தூங்கியே சக்கரைய இஸ்துக்கினான். இவன தூங்க உடாத" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் சொன்னதும் அதுதானே. அவர் கண் அசந்தால் எழுப்பினேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். தூக்கம் வராமல் இருக்க அவர் முன்னாலும் கொஞ்சம் மல்லாட்டையைக் கொட்டினேன். ஒரு கொட்டையை விரலில் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்குவார். மதியத்துக்குக் கேப்பைக் களி. சாயங்காலம் ரயில்வே கேட் வரைக்கும் நடை. நடந்து வந்து வாசலிலேயே சாய்ந்துவிடுவார். மாத்திரை கூடிக்கொண்டே போனது. செங்கல் மாறவில்லை. குதிகாலில் செருப்பு கடித்த புண் ஒன்று வந்தது. அது ஆறவே இல்லை. விரலை வைத்தால் சதை கொழகொழவென்று இருந்தது.

அந்தப் புண்ணுக்காகத்தான் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவர் உட்கார்ந்தபடியே குறட்டை விட ஆரம்பித்தார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வழியாகப் போன ஒரு சின்ன வயசு டாக்டர் நின்றார். குறட்டை நின்றது. டாக்டரும் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் இழுத்து மூச்சு விட்ட பிறகுதான் டாக்டர் என் பக்கம் திரும்பி, வீட்டில் படுக்கும்போது எப்படி இருக்கும் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செய்து காட்டுங்கள் என்றார். கூச்சமாக இருந்தது. முந்தானையை வாயருகில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டுக் காட்டினேன். நிறுத்தினேன். அவர் நிறுத்துகிற அளவுக்கு நிறுத்த என்னால் முடியவில்லை. எனக்கு மூச்சு முட்டியது. வரிசை முழுக்கச் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"இவர் தூங்குறார்னு நீங்க நெனச்சுக்கிட்டு இருக்கீங்கம்மா. இவர் தூங்கவே இல்ல" என்றார்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். கண் அசந்ததும் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் போகிற வழியை அடைத்துக்கொள்கிறது. உடம்பு பயந்து விழித்து மூச்சை இழுக்கிறது. விழித்தது அவருக்கே தெரியாது. படுத்திருக்கிற நேரம் முழுக்க இதே சண்டை. சண்டை போடுகிற உடம்பு சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும், பிரஷரும் ஏறும், அதனால்தான் மாத்திரை எடுபடவில்லை என்று நினைக்கிறேன் என்றார். இதில் தங்களுக்கே இன்னும் முழுக்கத் தெரியாது என்றும் சொன்னார். மூக்கில் மாட்டிக் காற்று ஊதுகிற மிஷின் ஒன்று வெளிநாட்டில் வந்திருக்கிறதாம். இங்கே இல்லை. மல்லாந்து படுக்க விடாதீர்கள், அதில் சரியாகாவிட்டால் கழுத்தில் ஒரு துளை போட்டு, அது வழியாக மூச்சு விட வைக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து அவருடைய பனியனில் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து, உள்ளே மல்லாட்டையைப் போட்டு வாயைத் தைத்தேன். மல்லாந்தால் குத்தும், ஒருக்களித்துப் படுப்பார் என்று. கனத்த உடம்பு, பை பிய்ந்துவிட்டது. காலையில் பாய் முழுக்கத் தோலும் பருப்புமாகக் கிடந்தது. அதில் நாலைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, "வறுத்துப் போட்டிருக்கலாமே" என்றார். வேறு வேறு மாதிரியும் தைத்துப் பார்த்தேன். குறட்டை கொஞ்சம் குறைந்தது. நிறம் மாறவில்லை. புண் கணுக்கால் பக்கம் ஏறியது. காலை எடுக்க வேண்டி வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு கால் இல்லாமல் எந்த பஸ்ஸில் ஏறுவது. துளை போடச் சம்மதித்தார்.

கழுத்துக் குழியில் துளை போட்டு ஒரு சின்ன உலோகக் குழாய் வைத்தார்கள். பகலில் ரப்பர் மூடி போட்டு அடைத்துக்கொண்டால் எப்போதும் போல் பேசலாம். தூங்கும்போது மூடியைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் முதல் முதலாக மூடியை எடுத்துவிட்டுத் தூங்கினார். சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. குழாய் வாயில் கையை நீட்டினேன். சூடாகக் காற்று வந்து போய்க்கொண்டிருந்தது. விட்டு விட்டு வரவில்லை. ஒரே சீராக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. செங்கல் மஞ்சளானது. மஞ்சள் பச்சையானது. டாக்டரே மாத்திரையைக் குறைத்தார். புண் காய்ந்து தோல் மூடியது. பகலில் முழித்திருந்தார். தானாகவே நடக்கப் போனார், உடம்பும் இளைத்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு காலை நேரம் கண்ணாடிக் குழாயில் நீலம் நீலமாகவே நின்றது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் வேலைக்குப் போக வேண்டும். அதே கம்பெனியில் ஒரு கண்டக்டருக்கு விடாத இருமல். ஜனங்கள் டிபி என்று பேசிக்கொண்டார்கள். முதலாளி அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இருமலுக்கே அப்படி என்றால் கழுத்தில் ஓட்டை இருக்கிறவன் கையால் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்று இவருக்குப் பயம். தொண்டையில் சதை வளர்ந்தது, எடுத்துவிட்டார்கள் என்று முதலாளியிடம் சொன்னார். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. குழாய் விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். போவதற்கு முந்தின நாள் பின்கட்டில் நின்று, மூடியைப் போட்டுக்கொண்டு விசில் ஊதிப் பார்த்தார். நன்றாகவே வந்தது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டி, "இன்னாக்கா, பஸ்ஸு உங்க தோட்டத்துக்கே வந்துட்சா" என்று கேட்டாள். அன்றைக்குச் சிரித்தோம்.

வேலைக்குப் போய்க் கொஞ்ச நாளில் நிறம் மறுபடியும் பச்சையிலிருந்து மஞ்சள் பக்கம் திரும்பியது. வீட்டில் படுக்கும்போது மூடியை எடுத்து என் கையில் கொடுத்துவிடுவார். ஹால்ட்டில் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. மயிலம் பங்குனி உத்திரக் கூட்டம் வந்தது. மாற்று ஆள் வரவில்லை. ஓய்வே இல்லாமல் தொடர்ந்து டூட்டி. படுக்கை முழுக்க வண்டியில் என்று ஆனது. நடுவில் குளிக்க வந்தவரிடம் கண்ணாடிக் குழாயைக் கொடுத்து மூத்திரம் வாங்கிக் காய்ச்சினேன். செங்கல்.

"வண்டியில தொறந்துதான படுக்குறீங்க?" என்று கேட்டேன்.

"தொறந்துதான் படுக்குறேன்."

"டிரைவர் தம்பி பாக்க மாட்டாரா?"

"அவன் முன் சீட்டு, நான் பின் சீட்டு. மேல துண்டு கெடக்குது. சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காத. கோயில் பொங்கல் ரெண்டு வாய் துன்னேன், அதான் ஏறிக்கினு இருக்குது."

சொல்லும்போது வாசல் கதவில் சாய்ந்துகொண்டுதான் நின்றார். கண் செருகியது. பழைய கண். பாண்டிச்சேரிக்குப் போகலாம் என்றேன். திருவிழா முடியட்டும் என்றார்.

திருவிழா முடிந்த வாரம், ஒரு காலையில் எங்கள் தெருவுக்குள் பஸ் வந்து நின்றது. எங்கள் தெருவில் பஸ் வராது. ஜனம் யாரும் இல்லை. டிரைவர் மட்டும் இறங்கினார். செருப்பு இல்லாமல் இருந்தார். அவர் பேசுவதற்கு முன்னே எனக்குத் தெரிந்துவிட்டது.

நீளமான பின் சீட்டில் அவர் படுத்தபடியே இருந்தார். நான் ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிரைவர் படிக்கட்டருகில் நின்றபடியே சொன்னார்.

"ராத்திரி நல்லாத்தான் தூங்குனாரு அண்ணி. எப்பவும் போல கொறட்டை. உட்டு உட்டு வரும். ஊருக்கு வெளிய நிக்கிற வண்டி, அண்ணன் சத்தம் கேட்டாத்தான் எனக்கும் தூக்கம் வரும். காலையில எழுப்புனேன். எழுந்துக்கல."

துண்டை அவிழ்த்தேன். மூடி இறுக்கமாகப் போட்டபடி இருந்தது. டிரைவர் கிட்டே வந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். எப்போது தூங்கினாலும் இதைத் திறந்து வைக்க வேண்டும், திறந்தால் குறட்டையே வராது என்றும் சொன்னேன். அவர் எதிர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி. நான் யாருகிட்ட சொல்லப் போறேன்."

"அது அவருக்குத் தெரியலப்பா" என்றேன்.

தெருக்காரர்கள் நாலு பேர் இறக்குவதற்கு ஏறினார்கள். நான் எழுந்து வழிவிட்டு நின்றேன்.