பத்தாவது இடத்தில் ஒரு பெயர்

இதை வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால், நானே பிரசுரித்திருக்கமாட்டேன். அதனால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. இருபத்திரண்டு வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் நான். சவளக்கடைப் பக்கம் ஒரு வீட்டுக் கூரையில் ஜின் நடமாடுகிறது என்று ஊரே சொன்னபோது ஏணி வைத்து ஏறிப் பார்த்து, மரநாய் குட்டி போட்டிருக்கிறது என்று எழுதினேன். ஜின் உண்டு என்று மார்க்கம் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூரையில் இருந்தது மரநாய்தான்.

என் முதல் புத்தகம் போன மார்கழியில் வந்தது. சுனாமியில் ஆட்களை இழந்தவர்கள் சொன்னவற்றை அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்தில் எழுதுகிறவனே புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுபோகவும் வேண்டும். கடை என்றால் கொப்பியும் பாடநூலும் விற்கிற கடைதான். கையெழுத்து வைத்த புத்தகம் என்றால் ரீச்சர்மார் பரிசு கொடுக்க வாங்குவார்கள் என்றார்கள், அதனால் பேனாவோடு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

முதலில் கல்முனை. கடைக்காரர் முனாஸ் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்) பழக்கமானவர். பாடசாலை தொடங்குகிற காலம், கடையில் சனம். நான் பத்துப் பன்னிரண்டு புத்தகத்தில் கையெழுத்து வைத்த பிறகு அவர் ஒன்றைத் தனியாக எடுத்து நீட்டினார்.

“இதுல றியாசுக்கு எண்டு போட்டு வைங்க. ஒரு உம்மா முந்தநாள் வந்து சொல்லிட்டுப் போனா.”

“எந்த றியாஸ்? கல்முனையில ஒரு கல் எறிஞ்சா நாலு றியாசுக்குப் படும்.”

“மகனுக்கா உம்மா எண்டு கேட்டன். ஓம் எண்டா.” அவர் சிரித்தார். “உங்களுக்கு ஏச்சும் இரிக்கி. பேரப் பிழையா அச்சடிச்சிட்டாராம், கையாலயாவது சரியா எழுதட்டாம்.”

எந்த றியாஸ் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

சாய்ந்தமருதுவில் பல்கீஸ் உம்மா என்று ஒருவர் இருந்தார். கடல் வந்த அன்று அவருடைய மகன் றியாஸ், பத்தொன்பது வயது, காணாமல் போனான். அவனுக்கு என்ன நடந்தது என்று கண்டவர் யாருமில்லை. நான் பேட்டி எடுத்த அன்று அவர் ஒன்றுதான் கேட்டார். “மையித்துக் கிடைக்கல்ல தம்பி. மீசான் கட்ட நட ஒரு கபுறுமில்ல. உங்கட புத்தகத்துலயாவது அவன்ட பேரு இரிக்கட்டும்.” உடலும் இல்லை, தலைமாட்டில் அடையாளம் நட ஒரு குழியும் இல்லை, பெயராவது இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

பத்திரிகையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துக்கப்பட்டவர்களின் பெயரை மாற்றிவிட்டு, பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன என்று அடியில் ஒரு வரி போடுவோம். கடைசித் திருத்தத்தில் அதே பழக்கத்தில் எல்லாப் பெயர்களையும் மாற்றினேன். றியாஸ் நசீர் ஆனான். அச்சாகி வந்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது முனாஸ் காக்காவின் மேசைக்கு முன்னால்தான்.

பல்கீஸ் உம்மா புத்தகம் வருவதற்கு நாலு மாதம் முந்தி மௌத்தாகிவிட்டார். ஜனாஸாவுக்குப் போய், கபுறில் மூன்று பிடி மண் போட்டவர்களில் நானும் ஒருவன்.

வந்தவருடைய முகம் எப்படி என்று கேட்டேன். “சனத்துக்க நான் சரியாப் பாக்கல்ல” என்றார் முனாஸ் காக்கா. அப்படியென்றால் பல்கீஸ் உம்மாவின் மகள்தான் வந்திருக்கவேண்டும், முகத்துக்கு நேரே கேட்க மனமில்லாமல் உம்மாவின் இடத்தில் நின்று கடையில் சொல்லியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். புத்தகத்தில் றியாசுக்கு என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு நேரே சாய்ந்தமருதுவுக்குப் போனேன்.

மகள் பஸ்மியா கதவைத் திறந்தார். கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தார்.

“கல்முனைக்குக் கடைக்கா? இந்தக் காலோட நான் மூணு கிழமையா வாசல் தாண்டல்ல. புத்தகம் வந்த கதையே இப்பதான் தெரியும்.” பிறகு ஆசையாகக் கையை நீட்டினார். “எங்க, காக்காட பேரக் காட்டுங்க.”

அந்தப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். அவர் விரல் வைத்து வாசித்துக்கொண்டே போனார்.

“இது ஆரு நசீர்?”

சொன்னேன். அவர் விரலை அந்தப் பெயரிலிருந்து எடுத்தார்.

“உம்மா இரிந்தா உங்களுக்குப் பிரம்பெடுத்திருப்பா” என்றார் பிறகு. “ஒவ்வொரு நாளும் கேப்பா, தம்பி எழுதி முடிச்சிட்டாரா எண்டு. தமிழ் எழுத்துத் தெரியாது அவவுக்கு. ஓதப் போய்ப் படிச்ச அறபு எழுத்துத்தான் தெரியும். அதால நான்தான் வாசிச்சிக் காட்டணும் எண்டு சொல்லி வெச்சிருந்தா.”

கிடைக்கிற ஒவ்வொரு பிரதியிலும் கையால் திருத்துவது என்று அங்கேயே தீர்மானித்தேன். அந்த அத்தியாயத்தில் ஒன்பது இடத்தில் நசீர் என்று வருகிறது. பஸ்மியாவின் பிரதியில் ஒன்பதையும் வெட்டி றியாஸ் என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்தது இரண்டு ஒழுங்கை தள்ளி, இளைப்பாறிய ஒரு ரீச்சர் நடத்தும் கடை. அவருக்குரிய கட்டு கொழும்பு அச்சகத்திலிருந்து பஸ்ஸில் நேரே வந்திருந்தது. “நீங்களே வந்து பிரிங்க எண்டு தொடாம வெச்ச” என்றார். பழுப்புத்தாள், ஒட்டுநாடா, மேலே இறுக்கிய பிளாஸ்டிக் பட்டி. கத்தரிக்கோல் கேட்டு வாங்கி வெட்டியது நான்தான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

மேலிருந்து நான்கு பிரதிகளைத் திருத்தினேன். ஐந்தாவதை விரித்தால் நசீர் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. பென்சிலில், மேலே அறபு எழுத்தில், றியாஸ். ஒன்பது இடத்திலும்.

“ரீச்சர், இதை ஆரும் பிரிச்சாங்களா?”

“கண்ணுக்கு முன்னாலதானே வெட்டினீங்க? வெயில்ல வந்ததோ? தண்ணி குடிங்க தம்பி.”

அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பென்சில் வைத்துக்கொண்டு யார் நிற்பார்கள் என்று சிரித்தார்கள். நான் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். பென்சில் இன்னோர் இடத்திலும் இருந்தது, வேறோர் அத்தியாயத்தில்.

அது அன்சார் என்ற தையல்காரர் சொன்னது. சுனாமி அன்று அவருக்கு ஆறு வயது. யாரோ ஓர் இளைஞர் அவரைத் தூக்கித் தண்ணீர்த் தாங்கி மேல் ஏற்றி, தன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து அதால் கம்பியோடு கட்டிவிட்டு, இன்னொரு பிள்ளையின் சத்தம் கேட்டுத் திரும்ப இறங்கினாராம். பெயர் தெரியாததால் ‘ஓர் இளைஞர்’ என்றே எழுதியிருந்தேன். அந்த ‘ஓர் இளைஞர்’ வெட்டப்பட்டு, மேலே அதே எழுத்தில் றியாஸ் என்று இருந்தது.

ஒரு தகவல் வந்தால் இரண்டாவது ஆளிடம் கேட்டு உறுதிப்படுத்தவேண்டும், எங்கள் தொழில் அப்படி. பஸ்மியாவிடம் றியாசின் படம் வாங்கினேன். அதே வயதுப் பையன்கள் மூன்று பேரின் படங்களையும் சேர்த்து, எதுவும் சொல்லாமல் அன்சாரின் தையல் மேசையில் பரப்பினேன். ஆறு வயதில் கண்ட முகம், சாட்சியமாக அது எவ்வளவு தாங்கும் என்று எனக்கும் தெரியும். அவர் இயந்திரத்தை நிறுத்தி, ஒன்றின் மேல் விரலை வைத்தார். றியாஸ்.

“மத்த மூணையும் ஏன் கொண்டுவந்த காக்கா? என்னச் சோதிக்கவா?” என்றார். கொஞ்சம் கழித்து, “இவர்ட வீட்டுல ஆரும் இரிக்காங்களா? எனக்குப் போகணும்” என்றார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டிக்கொண்டு போனேன். பஸ்மியா அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்து, அழுது முடித்துத்தான் உள்ளே வரச் சொன்னார்.

இரண்டாம் பதிப்பில் பத்து இடத்திலும் றியாசின் பெயர் இருக்கும். தமிழ் எழுத்துத் தெரியாத ஒருவர், பெயரே இல்லாத அந்த வரியை எப்படிக் கண்டுபிடித்தார் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒவ்வொரு தகவலுக்கும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைப்பேன். அந்தப் பத்தாவது இடத்துக்கு நேரே பல்கீஸ் உம்மாவின் பெயரை எழுதினேன். திகதிக்குரிய கட்டம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.