பதினோரு கைகள்

வெர்னா லிண்ட்குவிஸ்ட்டுக்கு வயது அறுபத்தொன்று. வான்கூவர் தீவின் ஒரு சின்ன ஊரில் தபால் ஆபீஸ் வேலை. ஞாயிறுதோறும் எட்டு டிகிரித் தண்ணீரில் முங்கி, கண்ட உயிர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி வருவாள். கூட முங்கியவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது பதிவு. வெர்னா விஷயத்தில் மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அவள் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அடுத்தவர் தப்பை நாலு பேர் முன்னால் திருத்துவதில் அவளுக்குத் தனி சுகம்.

மூன்று வருஷத்துக்கு முன், தண்ணீர் பச்சையாய்க் கலங்கிக் கிடந்த மே மாதத்தில், சூரியகாந்தி நட்சத்திர மீன் என்று ஒன்றை எழுதினாள். நோயில் அந்தக் கரையெங்கும் அழிந்த இனம். வளர்ந்தால் இருபது கை இருக்கும். இதற்குப் பதினொன்றுதான் என்பதால் குட்டி என்று முடிவு கட்டினாள். ஊர் கொண்டாடியது. அதைக் காக்க வளைகுடாவில் நண்டுக்கூடு போடத் தடை வந்தது. நண்டு பிடித்துப் பிழைக்கும் அவள் தம்பி வெஸ் இப்போது மூன்று மணி நேரம் படகோட்டிப் போய்க் கூடு போடுகிறான். அக்காவோடு பேச்சு நின்றுபோனது.

இந்த ஞாயிறு தண்ணீர் தெளிந்திருந்தது. அதே பாறை, அதே மீன், அதே பதினோரு கைகள். குட்டி என்றால் இதற்குள் கை கூடியிருக்கும். கையுறை விரலால் அழுத்தினாள்; விறைப்பாக இருந்தது. சூரியகாந்தி என்றால் மெத்தென்று இருந்திருக்கும், இதற்குள் ஓடியும் போயிருக்கும். செவ்வாய்க்கிழமை அந்தத் தடையை நிரந்தரமாக்கப் போகிறார்கள்.

கரையேறியதும், கூட முங்கிய கார்டனிடம் சொன்னாள். அன்றைக்கும் கையெழுத்துப் போட்டவன் அவன்தான்.

"அது சூரியகாந்தி இல்ல, கார்டன். அதோட பங்காளி. பாறைக்குப் பாறை கிடக்குமே, அதான். அன்னைக்கே தப்பா எழுதிட்டேன்."

"குளிர்ல மூளை உறைஞ்சிடுச்சா? காபியக் குடி."

"திருத்தி எழுதுறேன். நீயும் கையெழுத்துப் போடு."

"அன்னைக்கு நானுந்தான் பாத்தேன். என்னையக் குருடன்கிறியா?"

இத்தனை வருஷமாக அடுத்தவர்களை அவள் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள்.

"தம்பிக்காக வாக்கு மாறிட்டாள்னு ஊரே சொல்லும். பாத்துக்க," என்றான் கார்டன்.

ஈரத் தலையோடு வெஸ்ஸின் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்காவது, தப்பு வர்றதாவது. எனக்காகப் பொய் சொல்ல வந்துட்டியா?"

"பொய் இல்ல, வெஸ். சத்தியமாத் தப்புதான்."

"விடு. நீ இவ்வளவு தூரம் இறங்கி வந்ததே போதும். கூடு எங்க போட்டா என்ன." அவன் கதவை அகலத் திறந்தான். "உள்ள வா, சூப் ஆறுது."

மூன்று வருஷம் கழித்துத் தம்பி சிரிக்கிறான். வெர்னா மறுபடி வாயைத் திறந்தாள். அவன் கரண்டியை அவள் கையில் வைத்தான். அவள் சாப்பிட்டாள்.