சன்னல் உயரத்துக்கு ஒரு பூ

காலையில் எழுந்ததும் சிஸ்டர் முதலில் பார்ப்பது வீட்டுக்காரருடைய உடம்புச் சூட்டை அல்ல, மண்ணின் சூட்டை. படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி ஏழு ஹாலிஹாக் செடிகள் நிற்கின்றன. அவற்றின் காலடியில் விரலாழத்துக்குத் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு அசையாமல் குந்தியிருப்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பொறு என்று கை மட்டும் உயரும். பிறகு எடுத்துப் பார்த்து, "பத்தொன்பது. நார்மல்" என்று செடியிடமே சொல்லிவிட்டு எழுந்திருப்பார்.

முப்பத்தோரு வருடம் காய்ச்சல் வார்டில் இருந்தவர். தலைமை நர்ஸாகி ஓய்வு பெற்றார். பெரிய டாக்டர்களே அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்களாம். நெற்றியில் புறங்கையை வைத்து டிகிரி சொல்லிவிடுவார். கால் டிகிரி முன்பின் இருந்தால் அதிகம். தெருவில் 'டெம்பரேச்சர் சிஸ்டர்' என்றால்தான் ஆளைத் தெரியும். அப்படியானால் செடிக்கு மட்டும் எதற்குத் தெர்மாமீட்டர் என்று கேட்டால், "நெத்தின்னா கை போதும். மண்ணு எனக்குப் புது வார்டு" என்பார்.

ஹாலிஹாக் வேறு யாருமல்ல, செம்பருத்திக்குச் சொந்தக்காரிதான். முகச்சாயல் அதேதான். ஆனால் ஆளைத் தாண்டி ஒற்றைத் தண்டாக வளரும்; பூக்கள் அந்தத் தண்டோடு ஒட்டிக்கொண்டே பூக்கும். குளிர் பிடித்த ஜாதி. "பதினஞ்சுலேர்ந்து இருபத்தஞ்சு வரைக்கும் சிரிச்ச முகம். முப்பது தாண்டிச்சோ, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். எங்க வீட்டு ஆள் மாதிரியே" என்பது சிஸ்டரின் கணக்கு. அதனால்தான் குளிர் ஆரம்பிக்கும்போதே விதைத்தார். கோடை வருவதற்குள் பூ வந்துவிட வேண்டும்.

வீட்டு ஆள் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றே இருபத்தெட்டு வருடம் டிக்கெட் கிழித்தவர். ஊரே சிஸ்டர் என்று கூப்பிடுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டதால், பாவம், அவர் மட்டும் "இந்தாம்மா" என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் சொந்த வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷனும் ஆயிற்று. "எலும்பு சேந்தாச்சு சிஸ்டர், தைரியம்தான் இன்னும் சேரல. இப்ப எழுந்து நிக்கலைன்னா அப்புறம் நிக்கவே முடியாது" என்று சொல்லி டாக்டர் கையை விரித்துவிட்டார். மனிதர் எழுந்து உட்காருவார், காலைத் தொங்கப்போடுவார். நிற்கச் சொன்னால் மட்டும் முகம் எதிர்ச்சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். சிஸ்டர் கெஞ்சினார், அதட்டினார், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தார். கல்லுளிமங்கன் அசைந்து கொடுக்கவில்லை.

கட்டிலை ஒட்டிய அந்தச் சன்னலோ உயரம். உட்கார்ந்தாலும் படுத்தாலும் வானம்தான் தெரியும். "வெறும் வானத்தை ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் பாப்பான்? ஏதாவது ஒண்ணு எட்டிப் பாக்கட்டும், இவர் சுவரை விட்டுத் திரும்பட்டும்" என்று கிளம்பி, ஆள் உயரம் வளர்கிற பூ எது என்று நர்சரிக்காரரைக் கேட்டு, விதைத்த வருடமே பூக்கிற ரகமாக வாங்கி வந்தார்.

வெயில் இந்த முறை முந்திக்கொண்டது. ஒரே வாரத்தில் மண் முப்பத்துநான்கு. மத்தியானத்தில் இலைகள் துவண்டு தொங்கின. காய்ச்சல் வார்டுக்காரருக்கு என்ன தோன்றும்? ஈரத்துணிதான். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைத்துவிட்டார். சாயங்காலமும் அதே பணிவிடை. பத்தே நாளில் அடியிலைகளின் முதுகெல்லாம் துருப்பிடித்த தகரம் மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள். நர்சரிக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "துருநோய் சிஸ்டர். இலையில ஈரம் நின்னா பரவிக்கிட்டே போகும். செடிக்குப் போய் யாராவது ஈரத்துணி போடுவாங்களா?"

வேறொருவராக இருந்தால் இடிந்துபோயிருப்பார். சிஸ்டர் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். புள்ளி விழுந்த இலை ஒன்றைக்கூட விட்டுவைக்காமல் வெட்டி, மூட்டை கட்டி வெளியே அனுப்பினார். ஏழு செடியும் இறகு பிடுங்கிய கோழிகளாக நின்றன. அதன்பிறகு தண்ணீர் விடியற்காலையில் மட்டும், வேருக்கு மட்டும். மண்மேல் காய்ந்த வைக்கோல். பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை தலைக்கு மேல் நிழல்வலை. மண் இருபத்துநாலுக்கு இறங்கியது. "தப்பு என்னோடதுதான். மனுஷனுக்கு உடம்பைக் குளிர வைக்கணும், இதுக்கு வேரைக் குளிர வைக்கணும். வார்டு மாறினா வைத்தியமும் மாறணும். தெரிஞ்சுக்கிட்டேன், அவ்வளவுதான்" என்றார். அப்படிச் சொன்னாரே ஒழிய, அன்று கட்டில் ஓரத்தில் கண்டக்டரின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பயம்தான். இந்தச் செடியும் போய்விட்டால் அந்த மனிதரைத் திருப்ப வேறு வழி அவருக்குத் தெரியாது.

செடிகள் பிழைத்தன. ஒருநாள் காலையில் சன்னல் விளிம்புக்கு மேலே பச்சைத் தண்டு ஒன்று மொட்டுகளோடு தலைநீட்டியது. கண்டக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள், "இந்தாம்மா, ரெண்டு விரக்கடை ஏறியிருக்கு" என்றார். அதற்கடுத்த நாள், "உன் வண்டி லேட்டு போலிருக்கே. பூ எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் செய்த முதல் கேலி அது. சிஸ்டர் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூவும் வந்தது. பக்கத்து வீட்டு டைலரம்மாதான் மதிலுக்கு மேலாகக் குரல் கொடுத்தார். "சிஸ்டர், பூத்துடுச்சு பாருங்க. கறுப்புன்னே சொல்லலாம், அவ்வளவு அடர்த்தி." உள்ளேயிருந்து கண்டக்டர், "எங்க? எனக்கு மொட்டுதானே தெரியுது" என்றார். இதைச் சிஸ்டர் யோசிக்கவில்லை. ஹாலிஹாக் அடியிலிருந்து பூத்துக்கொண்டே மேலே ஏறும். முதல் பூ சன்னல் விளிம்புக்கு ஒரு முழம் கீழே மலர்ந்திருந்தது. கட்டிலுக்குத் தெரிகிற உயரத்துக்கு வர இன்னும் இரண்டு மூன்று வாரமாகும்.

"ஒண்ணைப் பறிச்சு உள்ள கொண்டுபோய்க் காட்டுங்களேன், பாவம்" என்றார் டைலரம்மா.

"நோயாளிகிட்டப் பூ கொண்டுபோறது விசிட்டர் வேலை. நான் நர்ஸு" என்றார் சிஸ்டர், உள்ளே கேட்கட்டும் என்றே.

மூன்று நாள் கண்டக்டர் துளைத்தெடுத்தார். கறுப்பு என்றால் எப்படிக் கறுப்பு, நடுவில் வேறு நிறம் உண்டா, எத்தனை இதழ். "பாத்தாத்தான் தெரியும்" என்பதற்கு மேல் சிஸ்டரிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை.

நாலாம் நாள் காலை சிஸ்டர் சன்னலுக்கடியில் உட்கார்ந்து தண்டைக் குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. சன்னல் கம்பியைப் பத்து விரல்கள் பற்றின. விரல் முட்டிகள் வெளுத்தன. நரைத்த தலை மெல்ல எழுந்தது, நெற்றி தெரிந்தது, கண் தெரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் டைலரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இந்தாம்மா, இது கறுப்பு இல்ல. அரக்கு" என்றார் கண்டக்டர், மூச்சு வாங்க.

"அப்படியா? இன்னும் கொஞ்ச நேரம் நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார் சிஸ்டர், தலையைத் தூக்காமல், ஓடிப்போய்த் தாங்கத் துடித்த கைகள் இரண்டையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு.